முப்பதுக்கு இருபத்தெட்டு

அனுராதா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதப் பத்து நாள் தாமதமாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு காட்டெருமை முதுகு சொறிந்துகொள்ள இன்டர்நெட் கம்பத்தைத் தேர்ந்தெடுத்தது. கம்பம் சாய்ந்துவிட்டது. குன்னூரில் காட்டெருமையிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வந்தது, சொறிந்தது, போய்விட்டது. எனக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஞாபகசக்தித் தேர்வை மாதாமாதம் இணையத்தில் எழுதிவரும் அப்துல் கஃபார், வயது எழுபத்துநாலு, பதினெட்டு மாதமாக இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை, இந்த வயதில் இது அபூர்வம், இதே தேர்வைத் தமிழில் தயாரிக்க அவரைப் பற்றித் தெரியவேண்டும் என்று உங்கள் ஆராய்ச்சிக் குழுவின் சார்பில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கணக்கை என் மின்னஞ்சலில் திறந்ததால் என்னிடம் கேட்கிறீர்கள். என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தூங்குகிறார், நடக்கிறாரா, மனசை எப்படி வைத்திருக்கிறார் என்று மொத்தம் இருபத்திரண்டு கேள்வி. வெண்டைக்காய்க்கென்று தனியாக ஒன்று. வெண்டைக்காய் அவருக்குப் பிடிக்காது. மற்ற இருபத்தொன்றுக்கும் பதில் கீழே வருகிறது, கொஞ்சம் சுற்றிக்கொண்டு.

என் பெயர் ஏகநாதன். வயது அறுபத்தொன்பது. அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தேன். சரக்கு வரும், மாதிரி எடுப்போம், அளந்து பார்ப்போம். தேறினால் பச்சை முத்திரை, தேறாவிட்டால் சிவப்பு. மேலதிகாரி பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தாலும் சிவப்பைப் பச்சையாக்கியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் பச்சை முத்திரை கொடுத்தது என் சமையலுக்கு மட்டும். அது நேர்மையான தீர்ப்பு இல்லை என்று பூனைக்குத் தெரியும். பூனையும் என்னுடையது இல்லை, எதிர்வீட்டுப் பூனை.

குழந்தைகள் இல்லை. மனைவி கண்ணம்மா போய் ஐந்து வருஷமாகிறது. அவள் இறந்த வருஷம், ஒரு நாளைக்கு நான் எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பழக்க தோஷம், எதையும் எண்ணுவேன். பதினேழு. பால்காரரிடம் ஆறு, மிச்சம் பூனையிடம். அடுத்த நாளும் எண்ணினேன். அன்றைக்குப் பால்காரர் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் கஃபார் பாய் குடிவந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவரும் மனைவியை இழந்தவர். மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். மேலே ஏறும்போது எங்கள் ரயிலின் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஓர் ஆள் நின்றுகொண்டு, விசில் சத்தம் கேட்டுப் பிரேக்கைப் போடவேண்டும், விடவேண்டும். மழையிலும் பனியிலும் முப்பத்துமூன்று வருஷம் அப்படி நின்றவர். தரையில் நடக்கும்போதும் காலை அகட்டி வைத்துத்தான் நடப்பார், குன்னூரே ஆடுகிற மாதிரி.

தினமும் நாலு மணிக்கு அவர் வீட்டில் டீயும், எங்கள் ஊர் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டும். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"யோவ் இன்ஸ்பெக்டரு, டீ தேறுதா?"

"சர்க்கரை கம்மி. ரிஜெக்ட்."

"ரிஜெக்ட் பண்ணிட்டே ரெண்டாவது கிளாஸு கேப்பியே, அந்த ஆளுதானே நீ?"

இப்படி மூன்று வருஷம். இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆராய்ச்சிக்கு இது முக்கியம்.

பாயின் ஒரே மகள் ஹாஜிரா திருப்பூரில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு தடவை வந்திருந்தபோது அவள் அத்தா ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார் என்று கலங்கிப்போனாள். அப்போதே தன்னுடன் கூட்டிப்போகப் பார்த்தாள். பாய் மசியவில்லை. கடைசியில் அவள் உங்கள் தேர்வைக் கண்டுபிடித்தாள். ஒப்பந்தம் இதுதான்: மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும், பாய் தேர்வு எழுதவேண்டும். மதிப்பெண்ணை நான் போட்டோ எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். இருபத்தாறும் அதற்கு மேலும் என்றால் அவர் குன்னூரில் இருக்கலாம். அதற்குக் கீழே என்றால் டாக்டர், பிறகு திருப்பூர், நிரந்தரமாக.

"மாமா, நீங்க கூட இருந்து பாத்துக்குங்க. உங்களத்தான் நம்பறேன்" என்றாள் ஹாஜிரா. முப்பத்துநாலு வருஷம் பரிசோதனைப் பிரிவில் இருந்த மனிதனை நம்புவதில் தவறில்லை.

உங்கள் தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல தேர்வு. ஆனால் பாய்க்காகச் செய்தது இல்லை. முதல் மாதம் ஒரு பறவைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டது. பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அலகு பை மாதிரி தொங்குது. ஏதோ வியாபாரத்துக்குப் போற பறவை" என்றார். பதில் பெலிக்கன். மூன்று டாலரில் எத்தனை குவார்ட்டர், அதாவது கால் டாலர் காசு, என்று அடுத்தது கேட்டது. "குவார்ட்டரா? அஸ்தஃபிருல்லா. ஜும்ஆ முடிஞ்சு வந்தவங்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று எழுந்தேவிட்டார். பிறகு ஐந்து ஆங்கில வார்த்தைகள் திரையில் வந்து மறைந்தன. ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் தட்டச்சு செய்யவேண்டும். பாய்க்கு இங்கிலீஷில் எழுத வராது. கம்ப்யூட்டரில் விரல் வைத்ததில்லை.

இது ஞாபகசக்திப் பரிசோதனையா, இங்கிலீஷ் பரிசோதனையா என்று நான் யோசித்தேன். நியாயமான கேள்விதான். அளவுகோல் பொருந்தாத இடத்தில் இணையான அளவுகோல் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பிரிவில் உள்ள வழக்கம். ஆகவே திரையில் வந்த ஐந்து வார்த்தைக்குப் பதிலாக, பாய்க்குத் தெரிந்த ஐந்து வார்த்தை கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து அவர் அந்த ஐந்தையும் சொன்னால், திரை கேட்ட ஐந்தை நான் தட்டுவேன்.

நான் கொடுத்த ஐந்து: கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீடு, காட்டேரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் ஏறினால் வரிசையாக வரும் ஸ்டேஷன்கள் அவை. அவரிடம் அதைக் கேட்பதும் உங்களிடம் உங்கள் பெயரைக் கேட்பதும் ஒன்று. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன். ஐந்தையும் சொல்லிவிட்டு நிற்காமல் குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் தாண்டி ஊட்டியில் போய்த்தான் நின்றார்.

"அஞ்சு கேட்டே, பதினொண்ணு குடுத்திருக்கேன். மிச்சத்துக்கு மார்க் உண்டா?"

முப்பதுக்கு இருபத்தேழு. அன்றைக்கு ஹாஜிரா சந்தோஷத்தில் அழுதாள். நானும் வர்க்கியை ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டேன்.

தேர்வின் முடிவில் ஒரு கட்டம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். 'இந்தத் தேர்வை யாருடைய உதவியுமின்றி நானே எழுதினேன்.' அதில் டிக் போட்டால்தான் மதிப்பெண் வரும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இது நோயறிதல் அல்ல, சந்தேகமிருந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று இருக்கிறது. பொடி எழுத்தை முதலில் படிப்பது என் தொழில். படித்தேன். டிக் போட்டேன். ஹாஜிராவுக்கு அனுப்பும் போட்டோவில் எண் மட்டும் தெரியும்படி எடுத்தேன். எண்தானே அவளுக்கு வேண்டும்.

பதினொரு மாதம் இப்படிப் போனது. அந்தப் பதினொரு மாதத்தில் பாய்க்கு ஒன்றும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அடுப்பில் பாலை மறப்பார். நானும் மறப்பேன். பால் பொங்கியதை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு.

பன்னிரண்டாவது மாதம் ஜூலை. சாரல் விடாமல் இருந்தது. மார்க்கெட்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டில் பாய் வழுக்கி, இரும்புக் கைப்பிடியில் தலை மோதி விழுந்தார். நான் இரண்டு படி பின்னால் கேரட்டுப் பையோடு வந்துகொண்டிருந்தேன். நெற்றிக்கு மேலே எலுமிச்சை அளவு வீக்கம். ரத்தம் இல்லை. அவரே சிரித்தார். "முப்பத்துமூணு வருஷம் ஓடற வண்டில நின்னேன், நிக்கற படில விழுந்துட்டேன் பாரு" என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்து ஐஸ் வைத்தேன். ஹாஜிராவிடம் சொல்லவேண்டாம் என்று அவர் சொன்னார்.

மேலே உள்ள வரியை மறுபடி படித்தேன். அதைத் திருத்தவேண்டும். சொல்லவேண்டாம் என்று சொன்னது நான். "இதக் கேட்டா அந்தப் புள்ள நாளைக்கே கார் எடுத்துட்டு வந்துரும் பாய்" என்றேன். அவர் ஐஸை நெற்றியில் அழுத்திக்கொண்டார். "சரி, நீ சொன்னா சரி" என்றார். அவர் சொன்னதாகவே எனக்கு நானே சொல்லிவந்த பழக்கத்தில் அப்படி வந்துவிட்டது. எழுத்தில் சரியாக இருக்கட்டும்.

ஆகஸ்டில் தலைவலி என்றார். டீ குடிக்கும்போதே கண் சொக்கினார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். அது பழைய அகட்டல் நடை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. முப்பத்துநாலு வருஷம் அளவு மாறுவதைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த மாதத் தேர்வில் ஐந்து ஸ்டேஷனைக் கேட்டேன்.

"கல்லாறு" என்றார். பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். "ஹில்குரோவ்" என்றார். "அப்புறம் ஹில்குரோவ்."

"அதுக்கப்புறம் பாய்?"

"ஹில்குரோவ் வருது. வந்துட்டே இருக்கு. விசில் கேக்கல ஏகு."

நான் ஐந்து வார்த்தையையும் தட்டினேன். கடிகாரம் வரையச் சொன்னது, வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது, கழித்தேன். முழுசாக முப்பது எடுத்தால் சந்தேகம் வரும் என்று இரண்டு இடத்தில் தப்புப் போட்டேன். எந்தச் சரக்கும் நூற்றுக்கு நூறு இருக்காது, இருந்தால் பரிசோதித்தவனைப் பரிசோதிக்கவேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முப்பதுக்கு இருபத்தெட்டு. டிக் போட்டேன். போட்டோ எடுத்தேன்.

அன்று சாயங்காலம் ஹாஜிரா போன் செய்தாள். அத்தா பேச்சு குழறுகிற மாதிரி இருக்கிறது, கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரிடம் அடுத்த புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன் என்றாள்.

"பல்செட்டு லூசாயிருச்சும்மா. அதான் குழறுது" என்றேன்.

"மார்க்கு எப்படி மாமா?"

"இப்பத்தான் அனுப்பினேன். இருபத்தெட்டு. போன மாசத்த விட ஒண்ணு ஜாஸ்தி."

அவள் போனிலேயே பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "நாந்தான் சும்மா பயப்படறேன். ஸ்கூல்ல லீவு வேற கிடைக்கல. கேன்சல் பண்ணிடறேன்."

"அலைய வேண்டாம்மா" என்றேன். மலைப்பாதையில் மழைக்காலத்தில் அலைவது யாருக்கும் நல்லதில்லை.

செப்டம்பர் தேர்வின்போது பாய் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானே எழுதினேன். அவர் தோளில் போர்வை போட்டுவிட்டேன். அந்த நாட்களில் நான் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், கஞ்சி வைத்துக்கொடுத்தேன், தொழுகைக்கு நேரமானால் சொன்னேன். என்னை அவர் இறந்துபோன தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சரி என்று போனேன். கூப்பிட்டாரே, அதுதானே முக்கியம்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். ஹாஜிரா திருப்பூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: எப்போதோ தலையில் அடிபட்டு, மண்டைக்குள் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து இரண்டு மாதமாகத் தேங்கி மூளையை அழுத்தியிருக்கிறது. வயதானவர்களுக்குச் சின்ன அடியிலும் இது வரும். நேரத்தில் பார்த்திருந்தால் மண்டையில் ஒரு சின்னத் துளை போட்டு வடித்துவிட்டிருக்கலாம். பெரும்பாலானவர்கள் நாலைந்து நாளில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார்கள். டீ என்ற வார்த்தையை அவரேதான் சொன்னார். நான் சேர்க்கவில்லை.

"மறதி, தடுமாற்றம் ஒண்ணும் நீங்க கவனிக்கலையா?" என்று டாக்டர் ஹாஜிராவைக் கேட்டார். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். பதினாலு மாதப் போட்டோவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

"மாசாமாசம் டெஸ்ட் எடுத்தமுங்க டாக்டர். பாருங்க, இருபத்தெட்டு. இந்த மாசந்தான். பாருங்க."

டாக்டர் பார்த்தார். "இந்த ஆன்லைன் டெஸ்ட்டையெல்லாம் நம்பலாமாம்மா?" என்றார், கோபமில்லாமல். நான் அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். மூடியைத் திறந்து கொடுத்தேன்.

நாலாம் நாள் பாய் காலமானார். குன்னூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். எல்லோரோடும் சேர்ந்து நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் உங்கள் தேர்வுக்குக் கெட்ட பெயர். பள்ளிவாசலில், மருந்துக்கடையில், பேக்கரியில், எல்லா இடத்திலும் அந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட்தான் ஆளைக் கொன்றது என்கிறார்கள். நான் மறுத்ததில்லை. உங்களுக்கு அது அநியாயம். உங்கள் தேர்வு நேர்மையானது, கொடுத்த பதிலுக்குச் சரியான மார்க் போட்டது. அது அளந்தது என் மூளையை. என் மூளை நன்றாக இருக்கிறது.

நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். பதினாலு மாதம்தானே வருகிறது, மீதி நாலு எங்கே என்று. அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை உங்களிடமிருந்து கடிதம் வந்தது: 'அன்புள்ள அப்துல் கஃபார், இந்த மாதத் தேர்வுக்கு நீங்கள் தயாரா?' அவரை அன்புள்ள என்று கூப்பிட வேறு யாரும் மிச்சமில்லை. பதில் போடாமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை. டீ போட்டு வைத்துக்கொண்டு எழுதினேன். நவம்பர், டிசம்பர், ஜனவரியும் அப்படியே. இறந்த பிறகும் அவர் இருபத்தெட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் குழு அபூர்வம் என்று எழுதியது சரிதான்.

இனி நேராக எழுதிவிடுகிறேன். விழுந்தது எனக்குத் தெரியும். தலைவலி தெரியும், கால் இழுத்தது தெரியும், ஹில்குரோவைத் தாண்ட முடியாமல் அவர் நின்றது தெரியும். ஒரு சிவப்பு முத்திரை போதும், அவர் இன்று திருப்பூரில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து வெண்டைக்காயைத் திட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அது திருப்பூரில். நாலு மணிக்கு நான் இங்கே இருப்பேன். அதனால் பச்சை முத்திரை குத்தினேன். தெரிந்தே செய்தேன், இரண்டு மாதம் தொடர்ந்து செய்தேன். அப்துல் கஃபார் பாயைக் கொன்றது நான். இதைத் தமிழ்த் தேர்வு தயாரிக்கும்போது எப்படிப் பயன்படுத்திக்கொள்வீர்களோ, போலீஸுக்கு அனுப்புவீர்களோ, உங்கள் விருப்பம். எனக்கு ஆட்சேபணை இல்லை. விசாரிக்க வருபவர்களுக்கு டீ போட்டுத் தருவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஹாஜிராவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிறுதோறும் பதினோரு மணிக்குப் போன் செய்கிறாள். "நீங்க இல்லாட்டி எங்கத்தா கடைசி காலத்துல தனியாக் கிடந்திருப்பாங்க மாமா" என்பாள். பிறகு அழுவாள், பிறகு நான் ஏதாவது கிண்டலாகச் சொல்வேன், சிரித்துவிடுவாள். முக்கால் மணி நேரம் ஆகும். தான் டாக்டர் நேரத்தைக் கேன்சல் செய்ததால்தான் இப்படி ஆனது என்று தினமும் தூக்கமில்லாமல் இருக்கிறாளாம். போன வாரம் சொன்னாள். அதெல்லாம் இல்லம்மா என்று ஆறுதல் சொன்னேன்.

மே மாதம் பரீட்சை லீவுக்குக் குழந்தைகள் ஹுமாவையும் அப்சலையும் கூட்டிக்கொண்டு வந்து, பத்து நாள் இங்கேயே என் வீட்டில் தங்கப்போகிறாள். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. குழந்தைகளுக்குக் கட்டில் சொல்லியிருக்கிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். லீவு முடிந்து அவர்கள் பஸ் ஏறும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன், அல்லது அடுத்த வருஷ லீவு முடிந்து. ஆகையால் அதுவரை நீங்கள் அவளுக்கு எதுவும் எழுதவேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. பாவம், குழந்தைகளின் விடுமுறை கெட்டுவிடக்கூடாது.

இப்படிக்கு,
ஏகநாதன்
குன்னூர்